கூரும் துருவும்: மலைநாட்டு வீட்டுத் தச்சுக் கருவிகள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 404 வீடுகள் 2018 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டன. லயத்து அறையில் ஒரு கட்டிலும் ஒரு தட்டும் போட்டாலே இடம் முடிந்துவிடும். தனி வீடு என்றானதும் சமையலறைக்கு அலுமாரி, பிள்ளைக்குப் படிக்கும் மேசை, மழைச்சாரலுக்கு ஜன்னல் பலகை என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பாஸைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நாமே செய்து பார்ப்போமே என்று ஹாட்வெயார் கடைக்குப் போகிறவர்கள் வழியில் நாலு பேரிடம் யோசனை கேட்கிறார்கள். அந்த யோசனைகளில் சில கீழ்நாட்டு வெயிலுக்குப் பொருந்தும். மூடுபனிக்கும் மழைக்கும் நடுவே வாழும் நமக்குப் பொருந்தாது. சில எந்த ஊருக்குமே பொருந்தாதவை.

நம்பிக்கை 1: தொடங்கும்போதே முழு செட்டாக வாங்கிவிட வேண்டும்.

உண்மை: செய்யப்போகும் வேலையை முதலில் முடிவு செய்யுங்கள், கருவி அதன் பின்னால் வரட்டும். ஒரு தட்டும் ஒரு மேசையும் செய்ய ஒரு கைவாள், கால், அரை, ஓர் அங்குல உளிகள் மூன்று, ஒரு சீவுளி, மூலைமட்டம், சுத்தியல், மரச்சுத்தியல், ட்ரில், இரண்டு கிளாம்ப், ஒரு தீட்டுக்கல் போதும். பெட்டி நிறைய வரும் மலிவு செட்டின் காசில் இவற்றில் பாதியையாவது தரமாக வாங்கலாம்.

தரத்தைக் கடையிலேயே பார்க்கலாம். மூலைமட்டத்தை நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறுங்கள். அதையே புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், விரிவின் பாதிதான் அதன் பிழை. வாளின் பிடியருகே கண்ணை வைத்து நுனிவரை நோக்கினால் கோணல் தெரியும். சற்றே வளைத்து விட்டால் அது மறுபடி நேராக வந்து நிற்க வேண்டும். பல்நுனிகள் மட்டும் நீலக்கறுப்பாக இருந்தால் அவை தனியாகச் சூடேற்றி இறுக்கியவை. நெடுநாள் கூர் நிற்கும், ஆனால் அரம் ஏறாது. மழுங்கினால் புது வாள்தான். தீட்டித் தீட்டி வைத்துக்கொள்ள விரும்புகிறவர் வெள்ளைப் பல் வாளைத் தேட வேண்டும். உளியின் தட்டையான முதுகையும் சீவுளியின் அடியையும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வேறொன்றை எடுங்கள்.

நம்பிக்கை 2: வெளிநாட்டு முத்திரை இருந்தால்தான் நல்ல உருக்கு.

உண்மை: நல்ல உருக்கு வெள்ளைக்காரத் துரையோடு கப்பலில் வந்து இறங்கியதல்ல. நம் மலைத்தொடரின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ பகுதியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கினார்கள். காற்று மோதும் மேட்டில் மேற்கு நோக்கிக் கட்டப்பட்ட உலைகள் அவை. தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அங்கே அகழ்ந்து, அதே மாதிரி உலையைக் கட்டி உருக்கியும் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ இதழில் அதைப் பற்றி எழுதினார்.

இன்று முத்திரையை யாரும் அச்சடித்து ஒட்டலாம். அதைவிட நம்பகமான சாட்சி ஒரு சின்ன அரம். கடைக்காரர் சம்மதித்தால், உளியின் கூரோரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒருமுறை லேசாக இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் உருக்கு இறுகியிருக்கிறது. கடித்துத் தூள் எடுத்தால் அந்த உளி இரண்டு மூட்டுக்கு மேல் தாங்காது. கொல்லரிடம் அடித்து வாங்குகிறவர்கள் எந்த இரும்பில் அடித்தது என்று கேட்க வேண்டும். லொறியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறக்குறைய 0.6 சதவீதம் கரி உண்டு. சூடேற்றித் தோய்த்துப் பதம் பார்த்தால் நல்ல உளியாகும். கட்டடக் கம்பியில் கரி குறைவு. எத்தனை அழகாக அடித்தாலும் அதில் கூர் நிற்காது.

நம்பிக்கை 3: பழகும்வரை மழுங்கின உளிதான் கைக்குப் பாதுகாப்பு.

உண்மை: இதற்குத் தோட்டத்துக் கவ்வாத்துக்காரர்களே பதில் சொல்வார்கள். மலைக்கு ஏறும் முன் கத்தியைக் கல்லில் தீட்டாமல் யாரும் போவதில்லை. கூரான கத்தி ஒரே வீச்சில் வாதைச் சரிவாக, சுத்தமாக வெட்டும். மழுங்கின கத்தி கிழிக்கும்; கிழிந்த இடத்தில் தண்ணீர் தேங்கிச் செடி அழுகும், வெட்டுகிறவருக்கும் தோள் விட்டுப்போகும். மரத்திலும் அதே கதைதான். மழுங்கின உளியை முழு பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளின உளி வழுக்கும்போது அந்த பலம் முழுவதும் பலகையைப் பிடித்திருக்கும் மறு கையின்மேல் பாய்கிறது. கூரான உளிக்கு இரண்டு விரல் அழுத்தம் போதும். ஒன்றைமட்டும் மறக்காதீர்கள்: இரண்டு கையும் எப்போதும் கூருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும்.

கடையிலிருந்து வரும் புது உளியும் பெரும்பாலும் கூராக இருக்காது. முதலில் அதன் முதுகை, நுனியிலிருந்து ஓர் அங்குலம் வரையாவது, கல்லில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். பிறகு சாய்ந்த பக்கத்தை 25 முதல் 30 பாகைக்குள் தீட்டுங்கள். பாகைமானி தேவையில்லை. சாய்வின் நீளம் அலகின் தடிப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. முதுகுப் பக்கம் விரலில் பிசிறு தட்டுப்படும்வரை தீட்டி, புரட்டி அந்தப் பிசிறை எடுத்தால் கையிலுள்ள மயிரை வழிக்கும் கூர் வரும்.

இருபக்கக் காபரண்டம் கல்லே இதற்குப் போதும். சிலிக்கன் காபைட் என்ற அந்தப் பொருளை அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் 1891இல் உண்டாக்கினார். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைசு என்று இன்று எல்லா ஹாட்வெயார் கடையிலும் கிடக்கிறது. கல்லும் நடுவில் குழிந்துபோகும். கண்ணாடியின்மேல் ஈரமான உப்புக்காகிதத்தை விரித்து அவ்வப்போது கல்லைத் தேய்த்து மட்டமாக்குங்கள்.

நம்பிக்கை 4: கிரைண்டரில் பிடித்தால் ஒரு நிமிடத்தில் கூர்.

உண்மை: ஒரு நிமிடத்தில் கூரும் வரும், உளியும் கெடும். கரி உருக்குச் சூடேறும்போது அதன் நிறமே சூட்டைச் சொல்லிவிடும். 230 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சள், 300ஐ நெருங்கும்போது நீலம். கூரோரத்தில் நீலம் பாய்ந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். மறுபடி எத்தனை தீட்டினாலும் நிற்காது. நீலம் போகும்வரை தேய்த்து எடுத்துவிட வேண்டியதுதான். நுனி உடைந்த உளியைச் சீராக்கக் கிரைண்டர் உதவும். அதற்கும் லேசாகத் தொட்டு, விரலுக்குச் சுடும் முன் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்க வேண்டும். கூர் ஏற்றுவது கல்லின் வேலை.

நம்பிக்கை 5: எண்ணெயைத் தடவிப் பொலித்தீனில் சுற்றிவைத்தால் துரு வராது.

உண்மை: காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பில் துரு வேகமெடுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பர் மழை, நடுவில் மூடுபனி என்று கழியும் நம் ஊரில் அது ஆண்டின் பெரும்பகுதி. பொலித்தீன் வெளியீரத்தைத் தடுப்பது போலவே உள்ளீரத்தையும் வெளியே விடாது. மாலையில் உள்ளே அடைபட்ட காற்று இரவுக் குளிரில் இரும்பின்மேல் வியர்க்கும். சீமெந்துத் தரையில் வைத்த பெட்டிக்கும் இதே கதி. அடுப்புக்கு மேல் வைப்பவர்கள் பாதி சரி: சூடு நல்லது, ஆனால் விறகுப் புகையிலுள்ள அமிலமும் பானையின் ஆவியும் இரும்புக்கு ஆகாது.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். லொறியிலிருந்து இறக்கிய பழைய என்ஜின் ஒயிலில் எரிந்து உண்டான அமிலங்களும் உலோகத் தூளும் கலந்திருக்கும், தோலுக்கும் கெடுதல். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் 24 பாகைக்குக் கீழே அது உறைவது நம் ஊரில் எல்லார் தலைக்கும் தெரியும். தையல் மெஷின் எண்ணெய் மலிவு, நிறமில்லை, மரத்தில் கறையும் குறைவு. ஜப்பானியத் தச்சர்கள் தலைமுறைகளாகப் பூசிவருவது கமேலியா விதை எண்ணெய். நாம் கொழுந்து பறிக்கும் தேயிலையும் ஒரு கமேலியாதான். அந்த எண்ணெய் அதன் நெருங்கிய உறவிலிருந்து வருகிறது.

வேலை முடிந்ததும் மரத்தூளைத் துடையுங்கள். தூள் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். எண்ணெய் நனைத்த துணியால் மெல்லிய படலமாகத் தடவி, சுவரிலிருந்து சற்று விலகிய பலகையில், காற்றுப்பட மாட்டுங்கள். துருவைத் தடுப்பதில் இந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடான பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

நம்பிக்கை 6: துருவேறிய பழைய கருவி இரும்புக்காரனுக்குத்தான்.

உண்மை: மேலோட்டமான சிவப்புத் துரு தடையே இல்லை. வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். அதன்பின் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அமிலம் மிச்சமிருந்தால் காலைக்குள் மறுபடி சிவக்கும். பார்க்க வேண்டியது குழி. உளியின் முதுகில் கூரோரத்தை ஒட்டி ஆழமான துருக்குழி இருந்தால் விட்டுவிடுங்கள். கூர் அந்தக் குழிக்கு வந்துசேரும்போதெல்லாம் பல்லுப்பல்லாக உடையும்.

நம்பிக்கை 7: கைப்பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடு.

உண்மை: சுத்தியல், கோடரி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் செய்யும் வைத்தியம் இது, இரண்டு நாளைக்கு மட்டுமே பலிக்கும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக நிலைத்தால் மரம் ஏறக்குறைய 16 சதவீத ஈரத்தை வைத்திருக்கும். 65ஆக இறங்கினால் 12 சதவீதம். மழை விட்ட பெப்ரவரியில் கைப்பிடி ஆடத் தொடங்குவது இதனால்தான். ஊறவைத்தால் மரம் உப்பும், ஆனால் சுற்றியிருக்கும் இரும்பு இடம் கொடுக்காது. நார்கள் நசுங்கும். காய்ந்ததும் முன்பைவிட மெலிந்து நிற்கும். பழைய ஆப்பைப் பிடுங்கி, காய்ந்த வைர மரத்தில் சற்றுப் பெரிய ஆப்பு செதுக்கி இறுக்குவதே நிலைக்கும் வழி. அதையும் வெயில் மாதத்தில் செய்தால் மழைக்காலத்தில் தானாக இன்னும் இறுகும்.

நம்பிக்கை 8: கையுறை போட்டுக்கொண்டால் ஆங்கிள் கிரைண்டரில் வாள்தகடு பூட்டியும் மரம் அறுக்கலாம்.

உண்மை: இந்தப் பட்டியலில் ஒரே நொடியில் உயிருக்கு உலை வைக்கக்கூடிய நம்பிக்கை இது. நாலங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முறை சுற்றும். மரம் அறுக்கவென்றே செய்த வட்டவாள் 5,000 அளவில் சுற்றும். வட்டவாளுக்குப் பலகையில் படியும் அடித்தகடும், தானாக மூடும் காப்பும் உண்டு. கிரைண்டருக்கு இரண்டுமில்லை. பல் மரத்தில் சிக்கினால் கருவி கண் இமைப்பதற்குள் பிடித்திருப்பவர்மேல் திரும்பும். சுழலும் தகட்டருகே கையுறை காப்பதில்லை. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் துவாலை, கழுத்து மப்ளர், நீண்ட சட்டைக்கை எல்லாவற்றுக்கும் இதே விதி. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு வைத்து வேலை செய்யாதீர்கள். சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

நம்பிக்கை 9: மரத்தூள் இயற்கைதானே, ஒன்றும் செய்யாது.

உண்மை: மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. தேயிலை மலைக்கு நிழல் கொடுக்கும் சவுக்கு, அதாவது கிரெவிலியா, இன்னொரு விதத்திலும் கவனத்துக்குரியது. கஜுக்கொட்டைத் தோட்டின் பாலில் இருக்கும் பொருள்களுக்கு உறவான பொருள்கள் அதில் உண்டு. சிலருக்குத் தோல் சிவந்து கொப்பளிக்கும். சவுக்குப் பலகை இழைத்த அன்று கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உப்புக்காகிதம் தேய்க்கும்போது நல்ல முகக்கவசம் கட்டுங்கள்; வாசலில் வைத்துத் தேய்த்தால் வீட்டுக்குள்ளும் தூள் வராது.

இனிக் காசுக்கணக்கு. கையில் இருப்பது மூன்று உளிக்குப் போதுமென்றால், இரண்டு உளியும் ஒரு கல்லும் வாங்குங்கள். அடுத்த சம்பளத்தில் மூலைமட்டமும் வாளும், அதற்கடுத்து சீவுளி. மின்கருவி கடைசியில் வரட்டும். கையால் அறுத்துப் பழகியவருக்குத்தான் எந்த வேலைக்கு மின்கருவி வேண்டும் என்பது தெரியும். கல்லில்லாமல் வாங்கிய மூன்று உளியும் முதல் மேசை முடியும் முன்பே மழுங்கிக் கிடக்கும். கல்லோடு வாங்கிய இரண்டும் அந்த மேசையில் படித்த பிள்ளைக்கும் உதவும்.