நீதிமன்றத்தில் செயற்கை நுண்ணறிவு: வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



கடைப்பையன் எழுதிய பில்லில் கூட்டல் சரியாக இருக்கலாம். வராத சரக்கை வந்ததாக எழுதியிருந்தால் அந்தக் கூட்டலால் என்ன பயன்? செயற்கை நுண்ணறிவு என்னும் கம்ப்யூட்டர் முறை இன்று நீதிமன்றங்களுக்குள்ளும் வந்துவிட்டது. அதனிடமும் இதே ஆபத்து உண்டு. நம்மைப் போன்ற வியாபாரிகளைத் தொடும் வழக்கு ஒன்றைப் பார்ப்போம்.

கே.எம்.ஜி. வயர்ஸ் என்ற நிறுவனம் தன் வருமானம் சுமார் 3.09 கோடி ரூபாய் என்று கணக்குக் காட்டியது. வருமான வரித்துறையோ 27.91 கோடி என்று நிர்ணயித்தது. சரக்கு விற்றவர் பதில் தரவில்லை என்று சொல்லி ஒரு கொள்முதலை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விற்றவர் பில், இ-வே பில், லாரி ரசீது அனைத்தையும் முன்பே அனுப்பியிருந்தார். அது மட்டுமல்ல. உத்தரவில் ஆதாரமாகக் காட்டிய 3 தீர்ப்புகள் எந்த நீதிமன்றமும் வழங்காதவை! 2025 அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, மீண்டும் விசாரிக்கச் சொன்னது. கம்ப்யூட்டர் தருவதைச் சரிபார்க்காமல் எடுத்தாளக் கூடாது என்றும் எச்சரித்தது.

இல்லாத தீர்ப்பு எப்படி வருகிறது? இந்த முறை ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்து எழுதுகிறது. உண்மையா என்று தானாகச் சரிபார்ப்பதில்லை. ஆகவே வழக்கின் பெயர், எண், ஆண்டு எல்லாம் அசல் போலவே இருக்கும். நியூயார்க்கில் 2023ல் இத்தகைய பொய்த் தீர்ப்புகளைக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நன்மையும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2019ல் தொடங்கிய 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு முறையால் தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. 1960ல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்த பகுதி நம்முடையது. தெலுங்குப் பத்திரமும், நகரி, புத்தூர் பார்ட்டிகளின் தெலுங்குக் கணக்கும் பார்க்கிற நமக்கு மொழிபெயர்ப்பின் அருமை தெரியும். ஆனால் 'லீவ் கிராண்டட்' என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு அனுமதி என்று பொருள். அதைக் கம்ப்யூட்டர் இந்தியில் 'விடுமுறை' என்று பெயர்த்ததும் நடந்திருக்கிறது.

இதனால்தான் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில், தன் கீழுள்ள நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தீர்ப்பு முடிவு செய்யக் கூடாது என்று விதி வகுத்தது. மொழிபெயர்ப்பையும் தகுதியானவர் பார்த்துத் திருத்த வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கொள்முதல் பில், இ-வே பில், லாரி ரசீது, வங்கிப் பட்டியல் ஆகியவற்றை வருடவாரியாகக் கட்டி வையுங்கள். நோட்டீசுக்கு அனுப்பிய பதிலின் நகலும், அனுப்பிய தேதிக்கான அத்தாட்சியும் அவசியம்.

2. உத்தரவு வந்தால் தொகையை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். அதில் சொல்லியுள்ள தீர்ப்புகள் உண்மையில் உள்ளனவா என்று ஆடிட்டரையோ வக்கீலையோ கேளுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

3. போனில் கேட்டு நாமே பதில் எழுதினாலும் இதே விதிதான். கையெழுத்து நம்முடையது, பொய்த் தீர்ப்பு இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நாமே.

4. பார்ட்டியின் கணக்கு, வங்கி விவரங்களைப் பொதுவான செயலிகளில் பதிய வேண்டாம்.

5. கெடுவைத் தவற விடாதீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கு வருமான வரியில் 30 நாள், ஜி.எஸ்.டி.யில் 3 மாதம். உத்தரவு எவ்வளவு தவறாக இருந்தாலும், கெடுவுக்குள் போனால்தான் நம் கட்டு பேசும்.