சாளரம் மூடியது, நிரல் நின்றதா?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் பைப்ளாட் பாடத்தில் 'ஷோ' செயற்கூறு வரைபடச் சாளரத்தைத் திறக்கும். சாளரத்தை மூடும் வரை நிரல் அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருக்கும். அதனால் சாளரத்தை மூடினால் நிரலும் முடிந்துவிடும் என்ற எண்ணம் மாணவர்களிடம் பதிந்துவிடுகிறது. நகரும் வரைபடத்துக்கு இந்த எண்ணம் பொருந்தாது.

செயல்பாடு

மேல்பட்டாம்பாக்கத்தில் நான் கற்பிக்கும் மாணவர்களுக்கு நெய்வேலிச் சுரங்கம் பழக்கமானது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைக்க, அங்கே இரவும் பகலும் நீரை இறைக்கிறார்கள். அந்த அழுத்தம் ஏறி இறங்குவது போல 'ரேண்டம்' மூலம் எண்களை உருவாக்கி, 'வைல்' மடக்கில் நொடிக்கு ஒரு புள்ளியாக வரையச் சொல்கிறேன். இடையில் சாளரத்தை மூடச் சொல்கிறேன்.

இரு வகை விளைவுகள் வரும். மடக்கினுள் பைப்ளாட்டின் 'ப்ளாட்' செயற்கூறை நேரடியாக அழைத்தவர்களுக்குப் புதிய சாளரம் ஒன்று திறக்கும். நடப்பு வரைபடம் இல்லையென்றால் பைப்ளாட் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முதலிலேயே உருவாக்கிய 'ஆக்ஸிஸ்' பொருளில் வரைந்தவர்களுக்குத் திரையில் எதுவும் தெரியாது. நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பொறுமையிழந்து கணினியை அணைத்தால், அதுவரை திரட்டிய எண்கள் போய்விடும்.

கண்டறியும் வழிகள்

தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிட்டதை எப்படி அறிகிறோம்? "லைனில் இருக்கிறீர்களா?" என்று நாம் கேட்கலாம், அல்லது இணைப்பு துண்டிக்கப்பட்ட ஒலி நமக்குச் சொல்லும். இங்கும் அதே இரண்டு வழிகள்தான்.

1. கேட்டறிதல்: வரைபடத்தின் எண்ணைக் கொடுத்தால் 'ஃபிக்நம் எக்ஸிஸ்ட்ஸ்' செயற்கூறு அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். இதையே மடக்கின் நிபந்தனையாக வைக்கலாம். 'பாஸ்' செயற்கூறு மடக்கின் கடைசி வரியாக இருக்கட்டும். சாளரம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் மூடப்படும். உடனே நிபந்தனை சோதிக்கப்படும். வரைந்த பிறகு சோதித்தால், புதிதாகத் திறந்த சாளரமும் அதே 1 என்ற எண்ணைப் பெற்றிருக்கும். 'இருக்கிறது' என்றே தவறான விடை வரும்.

2. அறிவிப்புப் பெறுதல்: 'க்ளோஸ் ஈவன்ட்' என்ற நிகழ்வுடன் நம் செயற்கூறு ஒன்றை இணைத்துவிட்டால், சாளரம் மூடப்படும்போது அது தானாக அழைக்கப்படும். அதற்குள் 'ஓடுகிறது' என்ற மாறியைப் பொய் என மாற்றினால் மடக்கு நிற்கும். அந்த மாறியை 'குளோபல்' என அறிவிக்க வேண்டும். வரையெல்லைப் பாடத்தை நினைவூட்ட இது நல்ல இடம்.

எந்த வழியானாலும், மடக்குக்குப் பின் எண்களை சி.எஸ்.வி. கோப்பில் எழுதும் வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மதிப்பீடு

சாளரத்தை மூடியபின் சி.எஸ்.வி. கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். திரையில் கண்ட புள்ளிகள் அனைத்தும் அதில் இருந்தால், மாணவர் நிரலை முறையாக முடித்திருக்கிறார் என்று கொள்ளலாம். பிறகு, "சோதனையை மடக்கின் நடுவில் வைத்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்காமல் விடை சொல்பவர், சாளரம் வேறு, நிரல் வேறு என்பதைப் புரிந்துகொண்டவர்.