முதுகு கற்கும் பாடம்

"அம்மாடி, இடுப்பு!" என்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்திருப்பவர் ஒருவரேனும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அடுப்படியில் நிற்கும் தாயார், வகுப்பில் நின்று கற்பிக்கும் ஆசிரியை, தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருக்கும் அக்காள், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் தந்தை என எவரையும் இவ்வலி விட்டுவைப்பதில்லை. 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இவ்வலி நீடிக்கும்போது மருத்துவர்கள் நம்மை இயன்முறை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். பிசியோதெரபி என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் அங்குச் சென்றவர்களுள் சிலர் ஒரு வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். "போன பிறகுதான் வலி கூடியது, நேராக உட்கார்ந்தால் கோணலாக உட்கார்ந்ததுபோல் இருக்கிறது" என்பது அவர்கள் கூறும் காரணம். இக்காரணம் பொய்யன்று. ஆனால் அது சிகிச்சையை விட்டுவிடுவதற்குரிய காரணமும் அன்று. அது எவ்வாறு என்பதை இங்கே காண்போம்.

முதுகின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, அதன்கீழ் ஒன்றாக இணைந்துவிடும் 5, வால்பகுதியில் பெரும்பாலும் 4 ஆக 33 முள்ளெலும்புகள் கோத்த மாலை அது. அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருப்பவற்றை டிஸ்க் என்கிறோம். வளர்ந்தவர்களின் டிஸ்கில் இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து ஊறி வரும் சத்தே அதற்கு உணவு. நாம் அசைந்து நடமாடுவது அந்த ஊட்டத்திற்குத் துணைசெய்கிறது.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் முதுகெலும்பு கோல்போல் நேராக இராது. கழுத்திலும் இடுப்பிலும் முன்னோக்கி வளைந்திருக்கும். ஆகவே "நிமிர்ந்து உட்கார்" என்றால் ஈட்டிபோல் விறைத்து உட்கார் என்பது பொருளன்று. இயற்கை தந்த அவ்வளைவோடு இலகுவாக உட்கார் என்பதே பொருள்.

கீழ்முதுகு வலிகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இன்ன எலும்பில் இன்ன நோய் என்று குறிப்பிட்டுச் சொல்லும்படியான காரணம் கிடைப்பதில்லை. அத்தகைய வலியில் ஆபத்தான நோய் மறைந்திருப்பது அரிது. முற்காலத்தில் முதுகு வலி வந்தவரை நாள்கணக்கில் படுக்கவைத்தனர். இன்றோ, இயன்ற அளவு நடமாடுவதே நல்லது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். படுத்தே கிடந்தால் தசைகள் வலுவிழக்கும். வலியைப்பற்றிய அச்சமும் வளரும்.

முதல் வாரச் சோதனை

சிகிச்சை தொடங்கியதும் இரண்டு மாற்றங்களை உணர்கிறோம்.

முதலாவது, புதிய வலி. விளையாட்டு விழாவிற்காக முதல்நாள் ஓடிப் பழகிய மாணவிக்கு மறுநாள் தொடை வலிப்பதில்லையா? நெடுநாள் உழைக்காத தசையை உழைக்கவைத்தால், ஒன்று முதல் மூன்று நாள் வரை அது வலிப்பது இயல்பு. தசை தன்னைப் பழக்கிக்கொள்வதால் வரும் வலி அது.

இரண்டாவது, நேரானது கோணலாகத் தோன்றுதல். நம் தசைகளிலும் மூட்டுகளிலும் நுண்ணிய உணர்வுறுப்புகள் உள்ளன. கை எங்கே இருக்கிறது, முதுகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற செய்தியை அவை மூளைக்கு ஓயாமல் அனுப்புகின்றன. பல ஆண்டுகள் ஒருபுறம் சாய்ந்தே நின்றவருக்கு அச்சாய்வே "நேர்" என்று மூளையில் பதிந்துவிடுகிறது. அதை மாற்றும்போது, ஏதோ தவறு நேர்ந்ததாக உடல் நினைக்கிறது.

கையெழுத்தை எண்ணிப் பாருங்கள். பென்சிலைத் தவறாகப் பிடித்துப் பழகிய சிறுமிக்குச் சரியான பிடியைக் காட்டினால், முதல் வாரம் எழுத்து முன்னிலும் கோணலாகும், விரலும் வலிக்கும். நான்குகோட்டு நோட்டில் ஒரு மாதம் எழுதிய பின்னரே எழுத்து திருந்தும். முதுகும் அப்படியே பாடம் கற்கிறது.

வெலிங்டனில் ஒரு நாள்

வலியைக் கூர்ந்து கவனித்தால் அதுவே வழிகாட்டும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956-ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவரிடம், முதுகிலிருந்து கால்வரை வலி பரவிய ஒருவர் வந்தார். கட்டிலில் குப்புறப் படுத்திருக்கும்படி அவரிடம் கூறப்பட்டது. முன்பு வந்த நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனை உயர்த்தப்பட்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் முதுகு பின்னோக்கி வளைந்த நிலையிலேயே சில நிமிடங்கள் படுத்திருந்தார். அந்நிலை தீங்கானது என்று அக்காலத்தில் எண்ணினர். ஆனால் அவருடைய கால் வலியோ நீங்கிவிட்டது.

மெக்கென்சி இதைத் தற்செயல் என்று விட்டுவிடவில்லை. பல நோயாளிகளை ஆராய்ந்தார். காலுக்குப் பரவிய வலி மேலேறி முதுகின் நடுவில் வந்து நின்றால், முதுகு சற்றே கூடுதலாக வலித்தாலும் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி என்றும், வலி காலில் மேலும் கீழிறங்கினால் அப்பயிற்சியை நிறுத்த வேண்டும் என்றும் போதித்தார். சிலருக்குப் பின்னால் வளைவது நன்மை தரும். வேறு சிலருக்கு முன்னால் குனிவதே நன்மை. எனவே அடுத்த வீட்டுக்காரருக்குக் குணமளித்த பயிற்சியை நாமாகச் செய்தல் கூடாது.

நாம் பழக வேண்டியவை

1. அமர்தல்: முதலில் நன்றாகக் கூனி உட்காருங்கள். பிறகு முதுகை இயன்ற அளவு உள்வளைத்து நிமிருங்கள். அதிலிருந்து சிறிதளவு தளர்த்துங்கள். அதுவே உங்களுக்கு இலகுவான நிலை. வலி மிகாவிடில் இதைப் பத்து முறை செய்து பழகலாம்.

2. மாறுதல்: நாள் முழுவதும் காக்கவேண்டிய சரியான நிலை என்று ஒன்று இல்லை. எந்த நிலையும் நெடுநேரம் நீடித்தால் நோகும். படிக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடந்து வருவோம்.

3. தூக்குதல்: தண்ணீர்க் குடத்தை எட்டி நின்று தூக்காமல், அருகில் நின்று, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குவோம். சுமை தள்ளியிருந்தால் முதுகுத் தசை அதிகம் இழுக்க வேண்டும். நெம்புகோல் பாடத்தில் நாம் படித்தது இதுதான்.

4. நிற்றல்: அடுப்படியில் ஒரு காலைத் தாழ்ந்த பலகையில் மாற்றி மாற்றி வைத்து நின்றால் பலருக்கு இடுப்பு இளைப்பாறும்.

5. எழுதல்: படுக்கையிலிருந்து ஒருக்களித்து, கையை ஊன்றி எழுவோம்.

6. அளவு: வலியில்லாத நாளில் எல்லா வேலையையும் செய்து தீர்த்து, மறுநாள் படுத்துவிடுவதைவிட, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே நலம். பயிற்சிக்குப்பின் கூடிய வலி ஓரிரு நாளில் தணிந்தால் தொடரலாம். தணியாவிட்டால் மருத்துவரிடம் கூறிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் திடீர் மாற்றம், பிறப்புறுப்பைச் சுற்றியோ உள்தொடையிலோ மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்தபின் வந்த கடும் வலி ஆகியவையே அவை. முதல் மூன்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டார் கடமை

பயிற்சியைவிடக் கடினமானது ஒன்று உண்டு. பாய் விரித்துப் பயிற்சி செய்யும் தாயாரைப் பார்த்து, "வேலையைப் போட்டுவிட்டு இது என்ன விளையாட்டு?" என்று வீட்டில் ஒரு சொல் பிறந்தால் போதும், அவர் பாயைச் சுருட்டிவிடுவார். மருந்து குடிக்கிறவரை நாம் கேலி செய்வதில்லை. பயிற்சியும் மருந்தே. மாணவியரே, அந்தக் கால்மணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை செய்தார் என்று அருகிருந்து எண்ணுங்கள். முதல் வாரத்தில் அவர் சோர்ந்து, "இனிப் போகமாட்டேன்" என்னும்போது, இங்குப் படித்ததை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு சொல். உயரமாக வளர்ந்துவிட்டோம் என்ற கூச்சத்தால் தோளைக் குறுக்கி நடக்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. வளர்ச்சி வெட்கப்படுவதற்குரியதன்று. கூச்சம் பழக்கமாகிவிட்டால், நிமிர்ந்து நடப்பதே ஒருநாள் அந்நியமாகத் தோன்றும். உயரம் கண்டு கேலி பேசாதிருப்பது தோழியர் கடமை. அன்போடு உற்சாகம் தருவது பெற்றோர் கடமை.

பழக்கம் ஒரு நாளில் வந்ததன்று. ஒரு நாளில் போவதும் அன்று. புதிய நிலை முதலில் அந்நியமாக இருக்கும், பின்பு அரைகுறையாகப் பழகும், பிறகு நம்முடையதாகிவிடும். அதுவரை பொறுமையோடு பயில்வோம். பயில்கிறவர்களுக்குத் துணை நிற்போம்.