வறண்ட தோலும் வெடித்த பாதமும்

அன்புள்ள தாய்மார்களே, அக்காமார்களே,

இந்த முறை இப்பகுதியை உங்களுக்கென்றே எழுதுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் தோட்டத்து மருந்தகத்துக்கு வந்தால், பெரும்பாலும் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரருக்கு இருமல் என்றுதான் வருவார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு எழும்போதுதான், "ஐயா, எனக்குக் காலெல்லாம் அரிக்குதுங்க, ராத்திரி தூக்கமே இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். காலைக் காட்டச் சொன்னால், "வயசாயிடுச்சு, இதுல என்னங்க இருக்கு" என்று சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

இருக்கிறது, அம்மா. தோலைப் பேணுவது குமரிப் பெண்களின் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். நம் உடம்புக்குத் தோல்தான் சுவர். அதில் விரிசல் விட்டால் கிருமி நுழையும்; கையில் படுகிற உரமும் களைக்கொல்லியும்கூட நுழையும். கத்தி பட்டால் ஓடி வருகிற நீங்கள், குதிகால் வெடித்தால் மட்டும் ஏன் வருவதில்லை?

வயதானால் தோல் ஏன் வறள்கிறது?

தோலுக்கு அடியில் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் எண்ணெய்தான் தோலின் ஈரம் காற்றில் போய்விடாமல் காக்கிறது. வயது ஏற ஏறப் பெண்களுக்கு இந்தச் சுரப்பு குறைந்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்புநீரும் குறைவதால் தோல் மெலிந்து போகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற சத்து, மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளிலேயே ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

அதனால்தான் இளமையில் எந்தச் சவர்க்காரம் போட்டாலும் தாங்கிய தோல் இப்போது தாங்குவதில்லை. முதலில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கும். பிறகு கை, முதுகு, இடுப்பு என்று அரிப்பு பரவும். சொறிந்தால் கீறல், கீறலில் கிருமி, கிருமியால் புண். வரிசை இதுதான்.

வேலையும் சேர்ந்து வாட்டுகிறது

நகரத்துப் பெண்களுக்கு வயது ஒன்றுதான் காரணம் என்றால், உங்களுக்கு வேலையும் ஒரு காரணம். பல வருஷம் மரம் சீவியவர்களின் கைக்கு ரப்பர் பாலும், அதை உறைய வைக்கும் அசிட்டும், உறையாமல் வைக்கும் அமோனியாவும் பழக்கம். இப்போது செம்பனைக் காட்டில் உரம் போடுகிறீர்கள், உதிரிப் பழம் பொறுக்குகிறீர்கள், நாற்றுப் பண்ணையில் நாள் முழுதும் ஈரத்தில் நிற்கிறீர்கள். இவை எல்லாமே தோலின் எண்ணெயை எடுத்துவிடும் அல்லது தோலை எரிக்கும்.

மருந்தடிக்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. நல்ல தோலைவிட வெடித்த தோல் வழியாக அந்த விஷம் அதிகமாக உடம்புக்குள் போகும். அது போய்விட்டது என்பதால் மற்றவை பச்சைத் தண்ணீர் ஆகிவிடா. கையில் வெடிப்போ புண்ணோ இருக்கும் நாளில் மருந்துப் பக்கம் போகாதீர்கள். பெரட்டிலேயே மண்டோரிடம் சொல்லி வேறு வேலை கேளுங்கள்.

கையுறையும் பூட்சும் யாரோ போடுகிற பிச்சை அல்ல. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பாதுகாப்புக்குத் தர வேண்டிய பொருளுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கிழிந்த கையுறை, கையுறையே இல்லாததைவிட மோசம். உள்ளே போன மருந்து வெளியே வராமல் தோலிலேயே ஊறும். கிழிந்தால் மாற்றிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் சங்கத்தின் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.

குளிக்கும் முறையை மாற்றுங்கள்

வேலை முடிந்து உடம்பு வலிக்கிறது என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பார்கள் சிலர். கிருமி போகட்டும் என்று டெட்டால் கலப்பார்கள் சிலர். துணிக்குப் போடும் சவர்க்காரத்தையே உடம்புக்கும் தேய்ப்பவர்களும் உண்டு. மூன்றும் வறண்ட தோலுக்கு ஆகாது. கீழ்க்கண்டவாறு செய்து பாருங்கள்.

1. பச்சைத் தண்ணீர் அல்லது வெதுவெதுப்பான நீர் போதும். 5 முதல் 10 நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள்.

2. அக்குள், தொடை இடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட இடம் ஆகியவற்றுக்கு மட்டும் மென்மையான சவர்க்காரம் போடுங்கள். மற்ற இடத்துக்குத் தண்ணீரே போதும். மருந்தோ உரமோ பட்ட நாளில் மட்டும் பட்ட இடம் முழுவதையும் நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

3. பீர்க்கங்கூடு, கல், நைலான் நார் கொண்டு தேய்க்காதீர்கள். துவாலையால் ஒற்றி எடுங்கள்.

4. தோலில் ஈரம் இருக்கும்போதே, சுமார் 3 நிமிடத்துக்குள், தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ மெல்லியதாகத் தடவுங்கள். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை.

இதில் நான்காவதுதான் முக்கியம். "நாங்கதான் வாரா வாரம் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறோமே" என்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் தேய்த்த எண்ணெயைச் சீயக்காயும் சவர்க்காரமும் போட்டு ஒட்ட எடுத்துவிடுகிறோமே! வறண்ட தோலுக்கு வேண்டியது குளித்த பின் தடவும் எண்ணெய். உள்ளே இருக்கும் ஈரத்தை அது மூடிபோட்டுக் காக்கும். விலை உயர்ந்த கிரீம் எதுவும் தேவையில்லை. உள்ளங்காலில் தடவினால் வழுக்கும். படுக்கையில் உட்கார்ந்து தடவிக்கொண்டு, பருத்திக் காலுறை மாட்டிக்கொள்ளுங்கள்.

பாதத்தை மறக்காதீர்கள்

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தோல் இன்னும் அதிகமாக வறளும். போதாததற்குப் பாதத்தில் உணர்ச்சியும் குறைந்துவிடும். குத்தினாலும் சுட்டாலும் தெரியாது.

எங்கள் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்த ஓர் அம்மாவுக்குக் குதிகாலிலும் பெருவிரல் ஓரத்திலும் வெடிப்பு. வலிக்கவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்காததே நோய் என்பது அவருக்குத் தெரியாது. பூட்சுக்குள் துர்நாற்றம் வந்த பிறகுதான் மகள் அழைத்து வந்தார். அதற்குள் கால் வீங்கிக் கறுத்திருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு விரல்களை எடுத்துத்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது. கையளவு வாஸ்லினும் தினம் இரண்டு நிமிடப் பார்வையும் அந்த விரல்களைக் காப்பாற்றியிருக்கும்.

ஆகவே தினமும் படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேத்தியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். குதிகாலுக்கு வாஸ்லின் தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெடித்த தோலைப் பிளேடாலோ கத்தியாலோ சீவாதீர்கள். இனிப்புநீர்க்காரர்கள் சுடுதண்ணீரில் காலை ஊற வைக்கவும் கூடாது, வெறுங்காலோடு நடக்கவும் கூடாது. மெட்டி இறுக்கமாக இருந்தால் கழற்றி வையுங்கள்.

பாசார் மாலாம் கிரீம்கள்

"ஒரே வாரத்துல சுருக்கம் போயிடும், முகம் வெள்ளையாயிடும்" என்று சொல்லி விற்கும் டப்பாக்களை நம்பாதீர்கள். இத்தகைய சில கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பதாக நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் பேரக்குழந்தைக்கும் அது ஒட்டும். செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பிள்ளைகளைக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பக்கத்து வீட்டு அக்காவுக்கு டாக்டர் கொடுத்த அரிப்புக் கிரீமைக் கடன் வாங்கித் தடவுவது. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். தடவிய அன்றே சுகம் தெரியும். மாதக்கணக்கில் தடவினால் ஏற்கெனவே மெலிந்த தோல் காகிதம்போல் ஆகிவிடும். சமையலுக்கு உப்பு கடன் வாங்கலாம், மருந்து கடன் வாங்கக் கூடாது.

எப்போது வர வேண்டும்?

* இரண்டு வாரம் எண்ணெய் தடவியும் அரிப்பு அடங்காவிட்டால். இனிப்புநீர், சிறுநீரகம், ஈரல், தைராய்டு ஆகியவற்றில் கோளாறு இருந்தாலும் உடம்பு அரிக்கும். இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும்.

* இரவில் அரிப்பு அதிகமாகி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால். அது வறட்சியாக இருக்காது, சிரங்காக இருக்கலாம். வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.

* வெடிப்பில் சீழ், வீக்கம், சூடு, நாற்றம் இருந்தால். இனிப்புநீர் உள்ளவர்கள் அன்றைக்கே வர வேண்டும்.

* வெயில் படும் இடத்தில் வந்த புண்ணோ, உருமாறுகிற மச்சமோ ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால்.

தோட்டத்தில் மருந்தகம் இல்லாதவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம். வேலையினால் வந்த தோல் நோய் என்று டாக்டர் சொன்னால், அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பெர்கேசோ பற்றிச் சங்கத்தில் கேளுங்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில் நோய்களுக்கும் உண்டு.

தாய்மார்களே, வீட்டில் எல்லாருக்கும் எண்ணெய் தடவி, தலை வாரி, சோறு போட்டு அனுப்பியவர்கள் நீங்கள். கடைசியில் உள்ளங்கையில் மிஞ்சுகிற எண்ணெய்தான் உங்களுக்கு. இனிமேல் இரவில் உங்களுக்கென்று தனியாக ஒரு கரண்டி ஊற்றி வையுங்கள். இதைப் படிக்கும் மகன்மாரும் மருமகள்மாரும் இன்றைக்கே அம்மாவின் பாதத்தை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அம்மா "ஒண்ணுமில்ல, விடு" என்பார். விடாதீர்கள்.