கார்த்திகை மழையும் தெருநாய்க் குட்டிகளும்: தொண்டர்களுக்கு ஓர் எச்சரிக்கை

புரட்டாசியில் இணைசேர்ந்த தெருநாய்கள், ஏறத்தாழ 63 நாள் கர்ப்பவாசம் முடிந்து, வடகிழக்குப் பருவமழை ஊரை நனைத்துக்கொண்டிருக்கும் கார்த்திகையிலும் மார்கழியிலுமே பெரும்பாலும் ஈனுகின்றனவாதலால், வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை முதலிய தாழ்ந்த பகுதிகளிலிருந்து, கண் திறவாத குட்டிகள் மழைநீர்க் கால்வாயோரத்தில் கிடக்கின்றன என்ற செய்தி இனி நாள்தோறும் நம்மை வந்தடையும்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சற்றுத் தொலைவில் நின்று, தாய் வருகிறதா என்று பாருங்கள். இரை தேடப் போயிருக்கும். வந்தால் குட்டிகளைத் தூக்கிச் செல்ல வேண்டாம். அது பார்த்திருக்கவே, மேடான திண்ணையிலோ மாடிப்படியின் அடியிலோ உலர்ந்த சாக்கு விரித்து நகர்த்தினால் போதும். குளிர்ந்துபோன குட்டிக்கு உடல் சூடேறுமுன் எதையும் புகட்டாதீர்கள். பசும்பால் கூடாது, பேதியாகும். காரைக் கிளப்புமுன் பானட்டைத் தட்டுங்கள், சக்கரத்தடியில் குனிந்து பாருங்கள். தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் நமக்கும் வரும். பல்லோ நகமோ பட்டால், பால்குடிக் குட்டியானாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, இந்த அறிக்கையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மழைக்காலத்தில் நாம் இழந்த குட்டிகளில் பலவற்றைக் கொன்றது மழையன்று. நம்முடைய அவசர ஜீவகாருண்யந்தான். நனைந்து நடுங்கிய ஒரு குட்டியைக் கண்டதும் மனம் இளகி, வீட்டில் ஏற்கெனவே வளர்ந்துவரும் மூன்று நான்கு குட்டிகளோடு அதையும் ஒரே கூடையில் படுக்கவைத்து, ஒரே தட்டில் சோறிட்டு, மறுவாரமே கூடை முழுவதையும் குழியில் இட்டு மூடிய வீடுகள் ஒன்றிரண்டல்ல. பார்வோ என்னும் அந்த வைரஸ் நோய், உடலுள் புகுந்து பெரும்பாலும் 3 முதல் 7 நாளில், சில சமயம் 14 நாள் வரை தாமதித்து, தலைகாட்டும். தலைகாட்டுமுன்பே மலத்தின் வழியே பரவத் தொடங்கிவிடும். ஆகவே, 'துள்ளி விளையாடுகிறதே, இதற்கென்ன வியாதி?' என்ற கேள்வியை இந்த வருஷம் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

புதிய குட்டிக்கு 14 நாள் தனியறை. அதற்கென்று தனித் தட்டு, தனித் துணி, தனித் துடைப்பம். முதலில் பழைய குட்டிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியில்தான் புதியதிடம் செல்ல வேண்டும். திரும்பியதும் செருப்பையும் உடையையும் மாற்றிக் கை கழுவ வேண்டும், ஏனெனில் அந்தக் கிருமி நம் செருப்பிலேயே சவாரி செய்யும். பினாயில் மணந்தால் வீடு சுத்தமாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சாதாரண பினாயிலுக்குப் பார்வோ அஞ்சாது. அழுக்கை முற்றும் கழுவியபின், திரவ ப்ளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிஷம் ஊறவிடுங்கள். மண்தரையைச் சுத்தம் செய்ய வழியில்லை. அங்கே கிருமி மாதக்கணக்கில், ஒரு வருஷம்கூட, உயிரோடிருக்கும்.

'ஊசிதான் போட்டாயிற்றே' என்பது அடுத்த சமாதானம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே தடுப்பூசியின் பலனைக் கெடுக்கக்கூடுமாதலால், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் போட வேண்டும். ஒரே ஊசியை நம்பிக் குட்டியைத் தெருவில் உலாவவிடுவது மூடத்தனம். சோறு மறுத்தல், வாந்தி, இரத்தம் கலந்த நாற்றமுள்ள பேதி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த மணி நேரமே மருத்துவரிடம் போங்கள். 'காலையில் பார்க்கலாம்' என்றால், காலையில் பார்க்கக் குட்டி இராது.

தத்துக் கொடுப்பதிலும் இதே கவலைதான் எனக்கு. வீட்டுக்காரரின் சம்மதம், பெண் குட்டியானால் பிற்பாடு கருத்தடைக்கு வாக்கு, எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிக்காமை ஆகியவை நீங்கள் அறிந்தவையே. கேட்க மறப்பது ஒன்று: அந்த வீட்டில் கடந்த ஒரு வருஷத்துக்குள் ஏதேனும் குட்டி பேதியாகி இறந்ததா? ஆம் என்றால், அவர்கள் எவ்வளவு கண்ணீர் விட்டாலும் குட்டி கொடுக்காதீர்கள். தடுப்பூசி முழுவதும் போட்டு வளர்ந்த நாய் ஒன்றைக் கொடுங்கள். அத்தகைய நல்ல நாய்கள் கேட்பாரற்றுக் காத்திருக்கின்றன.

நமக்கு இப்போது குறைவாயிருப்பது இரக்கமன்று, இடம். நாயோ குட்டியோ இல்லாத வீட்டில், சிமெண்டுத் தரையுள்ள ஓர் அறையையோ குளியலறையையோ 14 நாளைக்கு விட்டுக்கொடுக்கக் கூடியவர்கள், மழை வலுக்குமுன் உங்கள் பகுதித் தொண்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.