மலையில் நிற்கும் தலைமை: நல்ல கங்காணி யார்?

தலைவர் என்று சொன்னவுடன் எமது மக்களுக்கு மேடை, மாலை, ஒலிபெருக்கி இவைதான் ஞாபகத்துக்கு வரும். சங்கத் தலைவர், மாவட்டப் பிரதிநிதி, பாராளுமன்ற உறுப்பினர் என்று வரிசையாகச் சொல்வார்கள். தோட்டத்துரையையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் காலையில் பெரட்டு முடிந்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறும் ஒரு பெண்ணுக்கு அன்று மாலை வரைக்கும் தலைவர் யார்? எந்த நிரையில் நிற்பது, எப்போது தேத்தண்ணி குடிப்பது, மழை வந்தால் ஒதுங்குவதா நனைவதா, பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகலாமா கூடாதா, இத்தனைக்கும் பதில் சொல்பவர் கங்காணி. துரையை மாதத்தில் இரண்டு தடவை பார்த்தாலே பெரிது. கங்காணியை நாள் முழுவதும் பார்க்கிறோம். அதனால் இம்முறை பாடத்தில் கங்காணியின் தலைமைத்துவத்தைப் பற்றிப் பார்ப்போம். இப்போது சில தோட்டங்களில் சுப்பவைசர் என்று அழைக்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

கங்காணி என்ற சொல்லுக்கு எமது பாட்டன் பூட்டன் காலத்தில் நல்ல பெயர் இருக்கவில்லை. கண்காணிப்பவர் என்பதுதான் அதன் பொருள். தென்னிந்தியக் கிராமங்களில் இருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த பெரிய கங்காணியிடம் வழிச்செலவுக் கடன், அரிசிக் கடன், கலியாணக் கடன் என்று எல்லாக் கடனும் இருந்தது. ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ ஒன்று வேண்டும். புதிய தோட்டம் அந்தக் காசைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். இந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. பெரிய கங்காணிமார் காலமும் பிறகு மெல்ல மெல்ல முடிந்தது. ஆனாலும் ஒரு பழக்கம் தொங்கிக்கொண்டு நிற்கிறது. கங்காணி என்றால் மிரட்ட வேண்டும், மிரட்டாவிட்டால் ஆள் வேலை செய்யாது என்ற எண்ணம் அது. இன்றைய கங்காணிக்குக் கடன் கொடுக்கும் வசதியும் இல்லை, ஆளைப் பிடித்து வைக்கும் அதிகாரமும் இல்லை. கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை கிடைக்கும்போது பிடிக்காத மலையில் யார் நிற்பார்கள்? மரியாதையைச் சம்பாதித்துத்தான் அவர் வேலை வாங்க வேண்டியிருக்கிறது.

அந்த மரியாதை முதலில் தராசில்தான் கிடைக்கும், அல்லது தராசில்தான் போகும். கொழுந்து நிறுப்பவர் கணக்கப்பிள்ளையாகவோ வெளிக்கள உத்தியோகத்தராகவோ இருக்கலாம். ஆனால் பக்கத்தில் நிற்பவர் கங்காணி. ஈரத்துக்கு என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். ஈரக் கொழுந்தில் தண்ணீர்ப் பாரம் இருப்பது உண்மைதான், கழிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெயில் காயும் பகலிலும் மழை நாளைப் போலவே கழித்தால் அதற்கு என்ன பெயர்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் நியாயத்துக்கு மேலே ஒரு கிலோ கழிகிறது என்று வையுங்கள். ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 3 கிலோ, இருபது நாள் வேலை செய்தால் 60 கிலோ. ஒரு பேருக்கு 18 கிலோ எடுக்க வேண்டிய தோட்டமானால், அது மூன்று நாளைக்கு மேற்பட்ட உழைப்பு. இருபத்தைந்து பேர் உள்ள ஒரு குழுவுக்கு மாதம் 1,500 கிலோ. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 17 கிலோவில் நிற்பவளுக்கு அந்த மூன்று கிலோ இருந்திருந்தால் முழுப்பேர், இல்லாததால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தால் சம்பளம் மட்டும் குறைவதில்லை. சேமலாப நிதிக்குத் தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில் கொள்வோர் கட்டுவது நூற்றுக்கு 12, நம்பிக்கை நிதியத்துக்கு நூற்றுக்கு 3. சம்பளம் குறைய இவையும் கூடவே குறைகின்றன. தராசில் போன கொழுந்து வயதான காலத்துக் காசிலும் தெரியும்.

ஆகவே நல்ல கங்காணி தராசின் முகத்தைத் தொழிலாளி பார்க்கும் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வார். கிலோவைச் சத்தமாகச் சொல்லச் சொல்வார். கழிப்பு எவ்வளவு, ஏன் என்பதையும் அங்கேயே கேட்டுச் சொல்வார். இதைச் செய்யச் சண்டை தேவையில்லை. “ஐயா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல” என்றால் போதும்.

அடுத்தது நிரை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தேயிலை எல்லாம் ஒன்றுபோல் தெரியும். எடுப்பவளுக்குத்தான் தெரியும், ரோட்டோரத்து நிரைக்கும் கல்லுமேட்டு நிரைக்கும் உள்ள வித்தியாசம். ஒன்றில் கைக்குக் கை கொழுந்து, மற்றதில் ஒரு தூருக்கும் அடுத்த தூருக்கும் இடையில் பள்ளம். கங்காணியின் மனைவியோ கொழுந்தியாளோ அதே குழுவில் இருந்தால் எல்லோருடைய கண்ணும் அந்த நிரையிலேயே இருக்கும். இதற்கு ஒரு சுலபமான வழி, சுழற்சி. இன்று ஓரத்தில் நின்றவர் நாளை நடுவுக்கு, நடுவில் நின்றவர் மேட்டுக்கு. கர்ப்பிணிக்கும் முழங்கால் நோவுள்ள வயதானவருக்கும் மட்டும் சமநிலம். அதைக் காரணம் சொல்லிக் கொடுத்தால் யாரும் முணுமுணுப்பதில்லை. காரணம் சொல்லாமல் கொடுத்தால் லயத்துக்குப் போன பிறகும் பேச்சு ஓயாது.

பேச்சு என்றதும் ஏச்சு ஞாபகம் வருகிறது. முற்றிய இலையைப் பறித்துவிட்டாள் என்று கூடையை எல்லோர் முன்னாலும் கவிழ்த்து, “கண்ணு எங்க இருக்கு ஒனக்கு? நேத்து வந்த புள்ளைக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியலையா?” என்று கேட்கிற கங்காணியை நாம் பார்த்திருக்கிறோம். அடுத்த நாள் அவள் திருத்தமாகப் பறித்தாளா என்றால் இல்லை. வேலைக்கே வரவில்லை. இன்னொரு கங்காணி அதே குறைக்கு, நிரையில் அவள் பக்கத்தில் போய் நின்று தானே நாலு கை பறித்துக் காட்டுகிறார். “அக்கா, இந்தப் பக்கம் சுத்து தள்ளிப்போச்சு, அதான் முத்தியிருக்கு. மொட்டும் ரெண்டு இலையும் மட்டும் பாத்து ஒடிங்க, மிச்சத்தை ஒடிச்சுக் கீழ போட்டுடுங்க.” அவ்வளவுதான். இரண்டாவது கங்காணிக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒன்று, ஏழெட்டு நாளில் வர வேண்டிய சுற்று பன்னிரண்டு நாளுக்குப் போனால் கொழுந்து முற்றுவது பறிப்பவளின் குற்றமல்ல. மற்றது, நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்தில் இருந்துதான் ஒரு கிலோ தேயிலைத்தூள் வருகிறது. அதில் முற்றிய இலை கலந்தால் ஸ்டோரில் எவ்வளவு பாடுபட்டாலும் தரம் ஏறாது. வேலை தெரிந்தவர் திருத்தினால் கேட்பார்கள். கூடையே தூக்கிப் பார்க்காதவர் கத்தினால் யாருக்குக் காது கேட்கும்?

உயிர் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். குளவி கொட்டி மலையிலேயே விழுந்தவர்களை எமது தோட்டங்கள் கண்டிருக்கின்றன. குளவிக்கூடு திடீரென்று ஒரே இரவில் முளைப்பதில்லை. மருந்தடிக்கப் போனவர், விறகுக்குப் போன பையன், யாராவது ஒருவர் பார்த்திருப்பார். மலைக்கு ஆள் இறக்கும் முன் இவர்களிடம் கேட்பதும், கூடு இருக்கும் மரத்தில் இருந்து தூரத்திலேயே துணி கட்டி அடையாளம் வைப்பதும், அந்த நிரைகளை விடும்படி ஆபீசுக்குச் சொல்வதும் கங்காணியின் கடமை. “நேத்து ஒண்ணும் நடக்கலையே” என்பது பதிலாகாது. குளவி கிளம்பிவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு, முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு கூட்டை விட்டுத் தூரமாக ஓட வேண்டும். கையை வீசி அடிக்கக் கூடாது. முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், பல கொட்டு விழுந்திருந்தால், மஞ்சள் சுண்ணாம்பு தேடி நேரம் கடத்தாமல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். 2016 இல் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்சின் இலக்கம் 1990. குழுவில் யாரிடம் போன் இருக்கிறது, எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கிறது என்று கங்காணிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இடி இடிக்கும்போது மலையில் ஆளை நிறுத்தி வைப்பதும் இதே மாதிரியான ஆபத்துதான்.

அதற்குப் பிறகு இன்னொரு சோதனை உண்டு. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். அப்போது ‘சம்பவம் எங்கே, எத்தனை மணிக்கு’ என்று கேட்பார்கள். சில வேளை, “அவ வெறகு பொறுக்கப் போன எடத்துலதான் கொட்டிச்சு” என்று சொல்லும்படி கங்காணிக்கு மெல்ல ஒரு வார்த்தை காதில் விழும். கங்காணியின் ஒரு வாக்கியத்தில் ஒரு குடும்பத்தின் காசு நிற்கும் நேரம் அது. எத்தனையாவது மலையில், எந்த நிரையில், எத்தனை மணிக்கு என்று அன்றே எழுதி வைத்திருப்பவரை யாரும் சுலபமாகத் திருப்ப முடியாது.

எழுதி வைப்பதைப் பற்றி ஒரு சம்பவம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மூன்று கிழமையாக ஒரு குழுவுக்குக் கிலோ குறைந்துகொண்டே வந்தது. ஆபீசில் “பொம்பளைங்க சோம்பேறி ஆயிட்டாங்க, கங்காணிக்குக் கட்டுப்பாடு இல்ல” என்று முடிவுகட்டி அரைப்பேர் போடத் தொடங்கினார்கள். அந்தக் கங்காணி சத்தம் போடுகிற ஆளல்ல. ஆனால் 80 பக்கக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். எந்த மலையில் எந்தத் திகதி கொழுந்து எடுத்தது, திரும்ப எப்போது வந்தது, எத்தனை பேர், என்ன மழை என்று ஒவ்வொரு நாளும் இரண்டு வரி. கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் விரித்தார். புல் வெட்டாமல் விட்ட மலை எது, உரம் போடத் தவறியது எப்போது என்பது அதில் இருந்தது. துரை கொப்பியையும் எடுத்துக்கொண்டு மலைக்கே வந்து பார்த்தார். போட்ட அரைப்பேர் எல்லாம் திரும்பவில்லை. கடைசிக் கிழமைக்கு உரியது திரும்பியது. புல்லும் வெட்டப்பட்டது. மேலே உள்ள சொல்லைக் கீழே கொண்டுவருவது எல்லாக் கங்காணிக்கும் தெரியும். கீழே உள்ளதை மேலே கொண்டுபோகத் தெரிந்தவர்கள்தான் குறைவு. இதில் சங்கத் தலைவருக்கும் கங்காணிக்கும் போட்டி எதற்கு என்று எமக்கு விளங்குவதில்லை. கங்காணியின் கொப்பி இருந்தால் தலைவரின் வாதம் இன்னும் பலமாகும் அல்லவா?

இனிப் பெண்களைப் பற்றி. கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், மேலே நின்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1984 வரை ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நாட்சம்பளம் இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சம்பளம் சமமானது. கங்காணி வேலை இன்னும் சமமாகவில்லை. இப்போது சில தோட்டங்களில் பெண் கங்காணிமாரை நியமித்திருக்கிறார்கள். “பொம்பள சொல்லி நாங்க கேக்கவா?” என்று ஆண்கள் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் சில பெண்களும் அதையே கேட்கிறார்கள். பெண் என்பதற்காகவே ஒருவர் நல்ல கங்காணி ஆகிவிடமாட்டார். ஆணைவிடக் கடுமையாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சில விஷயங்கள் அவரிடம் கேட்காமலே நடக்கும். மாதவிலக்கு நாளில் ஒருத்தி ஏன் அடிக்கடி ஒதுங்குகிறாள் என்று கூப்பிட்டு விசாரிக்கமாட்டார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு நாளில் இரண்டு தடவை பால் கொடுக்கும் இடைவேளை சட்டப்படி உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இது சலுகையல்ல, அதற்காகக் கிலோவைக் காட்டிப் பயமுறுத்தவும் கூடாது. ஆண் கங்காணியும் இதைத் தெரிந்து நடக்கலாம், நடக்கிறவர்களும் உண்டு.

கங்காணி வேலைக்குக் கேட்டிருக்கும் பெண்களில் பலர், “எனக்கு எழுத்து அவ்வளவு வராது ஐயா” என்று பின்வாங்குகிறார்கள். இலக்கம் எழுதத் தெரிந்தால் தொடங்கலாம். ஒரு பக்கத்தில் திகதி, மலை இலக்கம், ஆட்கள் தொகை, மூன்று நிறுவைக்கும் மூன்று கட்டம், ஓரத்தில் மழை, குளவி, காயம் என்று குறிக்க ஒரு சின்ன இடம். பெயர் எழுத வராவிட்டால், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை இராத்திரி லாம்படியில் உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதுவிக்கலாம். இரண்டு மாதத்தில் தாயும் எழுதிவிடுவார். கோடு போடத் தெரியாதவர்கள் கொப்பியை எடுத்துக்கொண்டு நலன்புரி ஆபீசுக்கு வாருங்கள், முதற்பக்கத்தை நாமே போட்டுத் தருகிறோம்.