நாயும் கேரவனும் கொங்கண் கரையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற கடற்கரை. மணலில் ஒரு கேரவன், அதன் நிழலில் இரண்டு நாய்கள், கேட்பாரும் இல்லை தடுப்பாரும் இல்லை. இந்த மாதிரி காணொளியைப் பார்த்துவிட்டு, "நம்ம டைகரையும் கூட்டிக்கிட்டு ஒரு தடவை போனா என்ன?" என்று கேட்காத நாய்ப் பிரியர் அபூர்வம். மும்பைக்காரர்கள் அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. செம்பூரிலிருந்து வாஷி, பன்வேல் வழியாகவோ, தாராவியிலிருந்து சிவ்ரி போய் 2024 ஜனவரியில் திறந்த அடல் சேதுவில் ஏறியோ கடலைத் தாண்டினால் கொங்கண் தொடங்கிவிடும். ரேவஸிலிருந்து கோவா எல்லையில் உள்ள ரெட்டி வரை சுமார் 500 கி.மீ. கடலோரம். ஆனால் கிளம்புகிறவர்கள் துணியோடும் நாயுணவோடும் சில தவறான நம்பிக்கைகளையும் சேர்த்து மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

நம்பிக்கை: "பழைய வேன்ல சீட்டைக் கழட்டிட்டு மெத்தையும் அடுப்பும் வச்சா கேரவன் ரெடி."

உண்மை: மெத்தையை விரித்துப் படுப்பது வேறு, வண்டியின் உடலையே மாற்றுவது வேறு. இருக்கைகளைப் பெயர்த்து, கூரையை உயர்த்தி, ஜன்னல் வெட்டி வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு முரணாகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் கையை விரிக்கலாம்.

நேர் வழி இருக்கிறது. கேம்பர் வேன் என்பது சட்டம் ஏற்றுக்கொண்ட தனி வாகன வகை. மகாராஷ்டிர அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. கேரளம் அதே ஆண்டில் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. முறையாகப் பதிவான வண்டியை வாடகைக்கு எடுப்பதுதான் முதல் பயணத்துக்குப் புத்திசாலித்தனம். நாயை ஏற்றலாமா என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது அதைவிடப் புத்திசாலித்தனம்.

நம்பிக்கை: "கடலை ஒட்டியே ரோடு. நேரா விட்டா கோவா."

உண்மை: பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 66, மகாராஷ்டிரத்தில் பெரும்பாலும் கடலைக் காட்டாமல் உள்ளே தள்ளியே ஓடுகிறது. மகாட், சிப்ளூண் என்று மலையும் ஆறும்தான் வழித்துணை. கடலை ஒட்டி வரும் ரேவஸ்–ரெட்டி சாலையையோ உப்பங்கழிகள் வழிமறிக்கின்றன. அகர்தண்டா–திகி, பாக்மண்ட்லா–வேஷ்வி, தாபோல்–தோபாவே, ஜெய்கட்–தவ்சாள் என இடையிடையே வண்டியோடு படகில் ஏறிக் கடக்க வேண்டும்.

இது தொல்லையல்ல, பயணத்தின் சுவையே அதுதான். ஆனால் வரைபடம் காட்டும் நேரத்தை நம்பக் கூடாது. நாய்க்கும் இது முதல் அனுபவம்: தளம் அதிரும், இன்ஜின் உறுமும், இரும்புச் சாய்தளம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்கும். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை பாதுகாப்பு. ஒத்திகை பார்க்க விரும்பும் மாட்டுங்காவாசிகள், மஸ்காவ் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் ஓடும், வண்டியோடு ஏறக்கூடிய ரோ-ரோ கப்பலில் ஒருநாள் போய் வரலாம். சாலையில் சுற்றிப் போக வேண்டிய தூரத்தை அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும்.

நம்பிக்கை: "யாருமே இல்லாத பீச். மணல்லயே வண்டியைப் போட்டுப் படுத்துக்கலாம்."

உண்மை: மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் தடுமாறும் இடம் இது. சென்னையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் ஐந்து மீட்டரை நெருங்கும். தெற்கே போகப் போக இது குறைந்தாலும் சென்னையைவிட அதிகமே. அலிபாக்கில் உள்ள குலாபா கோட்டையே இதற்குச் சாட்சி: வற்றின்போது நடந்து போகலாம், ஏற்றத்தின்போது படகுதான். சரிவு குறைந்த கரையில் காலையில் கெட்டியாக இருந்த மணல் மாலையில் கடலாகிவிடும். இப்படி மாட்டிக்கொண்ட கார்களை டிராக்டர் வைத்து இழுக்கும் படங்கள் ராய்கட் மாவட்டக் கரையிலிருந்து அடிக்கடி வருகின்றன.

கோவாவில் கடற்கரையில் வண்டி ஓட்டுவதே குற்றம். மணலில் சட்டப்படி வண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை அடங்காவிட்டால், அதே 66-ஆம் நெடுஞ்சாலையில் இன்னும் தெற்கே போய்க் கண்ணூர் அருகே முழப்பிலங்காட்டில் தீர்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டு சாப்பிட்டு வந்துடலாம். இல்லன்னா ஏசி ஓடட்டும்."

உண்மை: அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. வெயிலில் நின்ற காரின் உட்புற வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் சொல்லத்தக்க பயன் இல்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாய் நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கடலோர ஈரக்காற்றில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. ஹட்ச் விளம்பரத்தால் வீடு வீடாக வந்த பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இரட்டைச் சோதனை. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் மேல் என்றாலும், பூட்டிய வண்டி அவற்றுக்கும் அடுப்புதான்.

சூடேறிய நாயின் மேல் ஈரத்துண்டைப் போர்த்தி வைப்பதும் தவறு. அது சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, அதன் பிறகு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஏசி விஷயம் இன்னும் கனமானது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து கசிந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. அதை உணர்த்தும் அலாரத்தின் விலை சில ஆயிரம் ரூபாய்க்குள்தான். அது இல்லாத வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு மனிதரும் தூங்கக் கூடாது, நாயையும் அடைக்கக் கூடாது.

நம்பிக்கை: "வெட்டவெளிதானே, அவுத்து விடலாம்."

உண்மை: ரத்னாகிரி மாவட்டத்தின் வேளாஸ் கிராமத்துக் கரைக்கு நவம்பர் தொடங்கி ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ர அமைப்பு 2002 முதல் ஊராரோடு சேர்ந்து அவற்றைக் காத்து வருகிறது. மனிதர்கள் திருடியது போக, மிஞ்சும் முட்டைகளைத் தோண்டித் தின்பவை நரிகளும் நாய்களும்தான். வேலி போட்டுப் பொரிப்பகம் அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அஞ்சர்லே, கேள்ஷி, குஹாகர் கரைகளும் ஆமைகள் ஏறும் கரைகளே. ஆகவே இரவில் கரையில் நாயை அவிழ்க்கவே கூடாது.

பகலிலும் கவனம் வேண்டும். கழிகளில் காயும் பொம்பில் மீன் ஒரு கோளி மீனவக் குடும்பத்தின் வருமானம். ஒரு நாய் வாய் வைத்தால் ஊரே சண்டைக்கு வரும், நியாயமாகவே. மழைக்காலத்தில் நீலக் குமிழ் போல ஒதுங்கும் 'புளூ பாட்டில்' உயிரி, செத்த பின்னும் கொட்டும். 2018 ஆகஸ்டில் ஜுஹுவில் பலர் இதனிடம் கொட்டு வாங்கினார்கள். முகர்ந்து பார்க்கும் நாய்க்கு மூக்கிலேயே விழும். கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்.

முன்மாதிரியாகக் காட்டப்படும் ஆஸ்திரேலியாவிலும் நினைத்த இடத்திலெல்லாம் அவிழ்த்துவிட முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்குள்ள தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவை நாய்களை அனுமதிப்பதில்லை. நரிகளையும் காட்டு நாய்களையும் கொல்ல வைக்கப்படும் '1080' நஞ்சிரை வளர்ப்பு நாய்க்கும் எமன்.

நம்பிக்கை: "நாய் வெளியே படுத்துக்கட்டும், காவலுக்கு ஆச்சு."

உண்மை: சிறுத்தைக்கு நாய் என்றால் இரை. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்பதாக 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. கொங்கண் மலைச்சரிவுகளிலும் சிறுத்தைகள் உண்டு. இருட்டிய பின் நாயின் இடம் வண்டிக்குள்தான்.

நம்பிக்கை: "குட்டியிலேயே ஊசி போட்டாச்சு."

உண்மை: ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் தொடர வேண்டும். மழைநீர் தேங்கும் இடங்களில் பரவும் எலிக்காய்ச்சல், 2005 வெள்ளத்துக்குப் பின் மும்பையையே உலுக்கியது. நாய்களுக்கும் அது வரும், அதற்குத் தடுப்பூசியும் உண்டு. சிந்துதுர்க் மாவட்டத்தின் தோடாமார்க் பகுதியில் உண்ணிகள் பரப்பும் குரங்குக் காய்ச்சல் 2016-இல் தலைகாட்டியது. உண்ணி மருந்து போட்டுக்கொண்டு கிளம்புவதோடு, தினமும் மாலையில் காதுமடல், விரலிடுக்கு, அக்குள் என்று தேடிப் பார்க்க வேண்டும். தடுப்பூசிப் புத்தகமும், மாநகராட்சி நாய் உரிமமும், மருத்துவரின் உடல்நலச் சான்றும் கையில் இருக்கட்டும்.

நம்பிக்கை: "முடியலன்னா பாதியில ரயிலேறிடலாம்."

உண்மை: கொங்கண் ரயில் பக்கத்திலேயே ஓடுவது சரிதான். ஆனால் இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் நாய்க்கு இடமில்லை. முதல் வகுப்பில் கூப்பே அல்லது கேபின் முழுவதையும் எடுத்தால் உடன் வரலாம்; இல்லையென்றால் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டுதான்.

நம்பிக்கை: "மழையிலதான் கொங்கண் அழகு."

உண்மை: அழகுதான். 2016 ஆகஸ்ட் 2 இரவு மகாட் அருகே சாவித்ரி ஆற்றின் பழைய பாலம் பேருந்துகளோடு அடித்துச் செல்லப்பட்டதும், 2021 ஜூலையில் சிப்ளூண் மூழ்கியதும் அதே மழையில்தான். பெரிய வண்டியையும் நாயையும் வைத்துக்கொண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் போக வேண்டாம். அக்டோபர் வெயிலும் ஆகாது. நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரைதான் காலம். ஓத அட்டவணையைப் பார்த்து, தங்குமிடத்தில் நாய்க்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டிக் கேட்டு, வழியிலுள்ள ஊர்களின் கால்நடை மருத்துவர் எண்களைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.